விழும் முன்னே பொறுக்கிய விதைகள்: ஆன் பிராங்கும் ஒரு செஸ்நட் மரமும்

2010 ஓகஸ்ட் 23ஆம் திகதி, மதியம் கடந்த நேரம். நெதர்லாந்தின் தலைநகர் ஆம்ஸ்டர்டாமில் பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தது. பிரின்சன்க்ராக்ட் கால்வாய்க் கரையில் வரிசையாக நிற்கும் பழைய வீடுகளின் பின்புறத்தில், அயல் வளவொன்றில் நின்ற பெரிய செஸ்நட் மரமொன்று நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் முறிந்து சரிந்தது. வேலிகளும் தோட்டக் கொட்டில்களும் நொறுங்கின. ஆட்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. சில மணித்தியாலங்களுக்குள் அந்தச் செய்தி உலகத்தின் பெரிய ஊடகங்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

அந்த மரத்துக்கு 150 வயதுக்கு மேல் என மதிப்பிடப்பட்டிருந்தது. அதைவிட வயதான மரங்கள் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் உள்ளன. காற்றில் ஒரு மரம் விழுவதும் புதினமல்ல. ஆனால் இந்த மரத்தை, வெளியே ஓர் அடி எடுத்து வைக்க முடியாத ஒரு சிறுமி இரண்டு வருடங்களாக ஒரு யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய நாட்குறிப்பில் மூன்று இடங்களில் அதைப் பற்றி எழுதியும் வைத்தாள். அவளுடைய பெயர் ஆன் பிராங்க்.

பூங்காவுக்குள் போகத் தடை

ஆன் 1929 ஜூன் 12ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தாள். தந்தை ஒட்டோ பிராங்க், தாய் எடித். மூன்று வயது மூத்தவளாக மார்கொட் என்றொரு அக்கா. ஒட்டோ முதலாம் உலகப் போரில் ஜேர்மன் இராணுவத்தில் பணியாற்றியவர். தான் பிறந்த நாட்டைத் தன்னுடைய நாடாகவே எண்ணி வாழ்ந்த நடுத்தர வர்க்க யூதர்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த வருடமே ஒட்டோ குடும்பத்தை நெதர்லாந்துக்கு மாற்ற முடிவெடுத்தார். ஜாம் செய்வதற்குத் தேவையான பெக்டின் என்ற பொருளை விற்கும் ஒபெக்டா நிறுவனத்தின் கிளையை ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்தார். 1934 பெப்ரவரியில் ஆன் அங்கு போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. டச்சு மொழியில் படித்தாள், டச்சு மொழியில் சண்டை பிடித்தாள், பின்னர் அதே மொழியில் எழுதவும் செய்தாள். வாயாடி, துடுக்குக்காரி, சினிமா நடிகர்களின் படங்களைச் சேர்ப்பவள். அந்த வயதுப் பிள்ளைகள் எங்கும் எப்படியோ அப்படித்தான் அவளும் இருந்தாள்.

1940 மே 10ஆம் திகதி ஜேர்மன் படைகள் நெதர்லாந்துக்குள் நுழைந்தன. ஐந்து நாட்களில் டச்சு இராணுவம் சரணடைந்தது. பிறகு வந்தவை சின்னச் சின்ன அறிவித்தல்கள். யூதர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். யூதப் பிள்ளைகள் தனிப் பாடசாலைகளுக்கே போகவேண்டும். படமாளிகைக்குப் போகக்கூடாது, நீச்சல் தடாகத்துக்குப் போகக்கூடாது, பூங்காவுக்குள் நுழையக்கூடாது. சைக்கிள்களை ஒப்படைக்க வேண்டும். ட்ராமில் ஏறக்கூடாது. 1942 மே மாதத்திலிருந்து உடுப்பில் மஞ்சள் நட்சத்திரம் குத்தியிருக்க வேண்டும்.

ஒவ்வோர் அறிவித்தலும் தனியே பார்த்தால் தாங்கிக்கொள்ளக் கூடியதாகத் தோன்றியிருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு சமூகத்தையே நகரத்திலிருந்து மெல்ல மெல்லத் துடைத்து எடுத்தன. ஒரு குழந்தைக்கு மரநிழலில் இருக்கும் உரிமைகூட இல்லாமற் போனது தலைமறைவு வாழ்க்கை தொடங்குவதற்கு முன்னரே நடந்துவிட்டது.

25 மாதங்களும் ஒரு யன்னலும்

1942 ஜூன் 12, ஆனுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். கட்டம் போட்ட மட்டை கொண்ட ஒரு குறிப்புப் புத்தகம் பரிசாகக் கிடைத்தது. மூன்று வாரங்கள் கழித்து, ஜூலை 5ஆம் திகதி, ஜேர்மனியில் கட்டாய வேலைக்கு வரும்படி பதினாறு வயது மார்கொட்டின் பெயருக்கு அழைப்பாணை வந்தது. அடுத்த நாட்காலையே குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியது. பொதிகளோடு போனால் சந்தேகம் வரும் என்பதால் உடுப்பின் மேல் உடுப்பாக அணிந்துகொண்டு, மழையில் நடந்தே போனார்கள்.

போன இடம் தூரமில்லை. பிரின்சன்க்ராக்ட் 263ஆம் இலக்கத்தில் ஒட்டோவின் வியாபார நிலையம் இருந்தது. அதன் பின்பகுதியில் இருந்த அறைகளை அவர் முன்கூட்டியே இரகசியமாகத் தயார்படுத்தி வைத்திருந்தார். பின்னர் அந்த அறைகளுக்கான வாசல் ஒரு புத்தக அலுமாரியால் மறைக்கப்பட்டது. சில நாட்களில் வான் பெல்ஸ் குடும்பத்தினர் மூவர் வந்து சேர்ந்தனர். நவம்பரில் பிரிட்ஸ் பெஃபர் என்ற பல் வைத்தியர் வந்தார். மொத்தம் எட்டுப் பேர். அவர்களுக்கு உணவும் புத்தகங்களும் செய்திகளும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஒட்டோவிடம் வேலை செய்த மீப் கீஸ், பெப் வொஸ்கைல், விக்டர் குக்லர், யொஹானஸ் கிளைமன் ஆகியோரும் மீப்பின் கணவர் யான் கீஸும். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தே அவர்கள் அதைச் செய்தார்கள்.

கீழே களஞ்சியத்தில் வேலை செய்தவர்களுக்கு மேலே ஆட்கள் இருப்பது தெரியாது. எனவே பகலில் சத்தமாகப் பேச முடியாது, சப்பாத்து அணிந்து நடக்க முடியாது, கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட முடியாது. யன்னல்கள் எல்லாம் திரையால் மூடப்பட்டிருந்தன. பதுங்கு குழிக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்களுக்கும், நடமாட்டச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்தவர்களுக்கும் இந்த அமைதியைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

அந்த இடத்தில் வெளியுலகத்தைப் பார்க்கக் கூடியதாக இருந்தது மேல்மாடத்து யன்னல் ஒன்றுதான். அதனூடாகக் கொஞ்சம் வானம் தெரியும், பக்கத்துக் கூரைகள் தெரியும், கடற்பறவைகள் தெரியும். கெய்சர்ஸ்க்ராக்ட் 188ஆம் இலக்க வீட்டு வளவில் நின்ற அந்தச் செஸ்நட் மரமும் தெரியும். 1944 பெப்ரவரி 23இல் ஆன் அதைப் பற்றி எழுதியபோது மரம் இலையில்லாமல் நின்றது. கொப்புகளில் ஈரம் மினுங்கியது. ஏப்ரல் 18இல் எழுதியபோது இலை துளிர்த்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூவும் வந்திருந்தது. மே 13இல் எழுதியபோது மரம் முழுவதும் பூ. முந்தைய வருடத்தையும்விட நன்றாகப் பூத்திருப்பதாக அவளுக்குப் பட்டது.

வெளியே போகாத ஒருத்திக்குப் பருவங்கள் மாறுவதை அந்த மரமே காட்டியது. அது இரண்டாவது தடவை பூத்த அந்த மே மாதத்தை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மார்ச் மாத இறுதியில், இலண்டனில் இயங்கிய டச்சு அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசியிருந்தார். போர்க்காலத்தில் சாதாரண மக்கள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். அதைக் கேட்ட ஆன், மே 20 முதல் தன்னுடைய குறிப்புகளை ஒரு புத்தகமாக வெளியிடக்கூடிய விதத்தில் தனித் தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு இன்னும் பதினைந்து வயது ஆகவில்லை.

திகதி தெரியாத மரணம்

1944 ஓகஸ்ட் 4ஆம் திகதி காலை பொலிஸார் வந்தனர். யார் காட்டிக் கொடுத்தது, அல்லது எப்படித் தெரிய வந்தது என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. எட்டுப் பேரும் உதவியாளர் இருவரும் கைதாகினர். எட்டுப் பேரும் முதலில் வெஸ்டர்போர்க் முகாமுக்கும், செப்டெம்பர் 3ஆம் திகதி புறப்பட்ட ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடன் அவுஷ்விட்ஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். வெஸ்டர்போர்க்கிலிருந்து அவுஷ்விட்ஸுக்குச் சென்ற கடைசி ரயில் அதுதான்.

அங்கே ஆண்களும் பெண்களும் பிரிக்கப்பட்டனர். ஆனும் மார்கொட்டும் அந்த வருட இறுதிக்குள் ஜேர்மனியின் பேர்கன்-பெல்சன் முகாமுக்கு மாற்றப்பட்டனர். தாய் எடித் அவுஷ்விட்ஸில் 1945 ஜனவரி 6இல் இறந்தார். பேர்கன்-பெல்சனில் உணவில்லை, தண்ணீரில்லை, தைபஸ் காய்ச்சல் பரவியது. முதலில் மார்கொட், பின்னர் ஆன் இறந்தாள். பிரித்தானியப் படைகள் அந்த முகாமை விடுவித்தது ஏப்ரல் 15ஆம் திகதி.

ஆன் இறந்த திகதி எவருக்கும் தெரியாது. நெதர்லாந்து அதிகாரிகள் பதிவுக்காக மார்ச் 31 என்று ஒரு திகதியைக் குறித்தார்கள். பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள் பெப்ரவரியாக இருக்கலாம் என்கின்றன. அவளுக்கெனத் தனிக் கல்லறையும் இல்லை. முகாமின் கூட்டுப் புதைகுழிகளில் ஒன்றில் கிடக்கிறாள். இன்று அங்கு இருக்கும் நினைவுக்கல் அவளுடைய உடல் இருக்கும் இடத்தைக் குறிப்பதல்ல.

அதே குளிர்காலம் ஆம்ஸ்டர்டாமிலும் பஞ்ச காலம். நிலக்கரி வரவில்லை, மின்சாரம் இல்லை. சனங்கள் வீதியோர மரங்களை வெட்டி எரித்தார்கள். யூதர்கள் கொண்டுசெல்லப்பட்டதால் வெறுமையாகக் கிடந்த வீடுகளின் மரச்சட்டங்களையும் படிகளையும் கழற்றி எடுத்தார்கள். நகரம் ஏராளமான மரங்களை அந்தக் குளிரில் இழந்தது. வீடுகளுக்கு நடுவே உள்வளவில் நின்ற செஸ்நட் தப்பியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தப்பவில்லை.

தந்தையின் தேடல்

எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஒட்டோ ஒருவர்தான். 1945 ஜனவரி 27இல் சோவியத் படைகள் அவுஷ்விட்ஸை விடுவித்தபோது அவர் அங்கு இருந்தார். சுற்றி வளைத்து ஜூன் 3ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். மனைவி இறந்ததை வழியிலேயே அறிந்துவிட்டார். பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. முகாம்களிலிருந்து திரும்பியவர்களை விசாரித்தார், செஞ்சிலுவைச் சங்கத்தின் பட்டியல்களைத் தேடினார், விளம்பரம் கொடுத்தார். ஜூலையில், பேர்கன்-பெல்சனில் பிள்ளைகளுடன் இருந்த சகோதரிகள் மூலம் விடயம் உறுதியானது. நம்மிடையே படங்களைக் கையில் ஏந்தியபடி வீதியோரத்தில் இருக்கும் தாய்மாருக்கு அப்படியொரு உறுதியான பதில்கூட இன்னும் கிடைக்கவில்லை.

கைது நடந்த அன்று, நிலத்தில் சிதறிக் கிடந்த தாள்களையும் கொப்பிகளையும் மீப்பும் பெப்பும் பொறுக்கி எடுத்திருந்தார்கள். ஆன் திரும்பி வந்ததும் கொடுக்கலாம் என்று மீப் அவற்றை வாசிக்காமலே மேசை லாச்சியில் வைத்திருந்தார். ஆன் வரமாட்டாள் என்று தெரிந்த பிறகு அவற்றைத் தந்தையிடம் ஒப்படைத்தார்.

ஒட்டோவுக்கு அந்த எழுத்து ஓர் அதிர்ச்சி. தன் மகளைத் தனக்குத் தெரியவில்லை என்பதை அவர் அதை வாசித்தே அறிந்துகொண்டார். 1968இல் ஆற்றிய உரையொன்றில் அவர் அந்த மரத்தையும் குறிப்பிட்டார். முன்பு இயற்கையில் பெரிய நாட்டம் காட்டாத பிள்ளைக்கு, ஒரு துண்டு வானமும் ஒரு செஸ்நட் மரமும் அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று தான் நினைத்தும் பார்க்கவில்லை என்ற கருத்தில் பேசினார்.

நாட்குறிப்பு 1947 ஜூன் 25ஆம் திகதி டச்சு மொழியில் சுமார் 3,000 பிரதிகளாக வெளிவந்தது. இன்று தமிழ் உட்பட 70க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. 1950களில் அந்தக் கட்டடம் இடிக்கப்பட இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் காப்பாற்றப்பட்டு, 1960 மே மாதம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒட்டோ 1980இல் சுவிற்சர்லாந்தில் காலமானார்.

மரத்தை என்ன செய்வது?

நூலைக் காப்பாற்றியாயிற்று, வீட்டையும் காப்பாற்றியாயிற்று. ஆனால் மரம் உயிருள்ளது. அது நோய்ப்படும், முதுமையடையும்.

1993இல் எண்ணெய்த் தாங்கியொன்றின் கசிவு மண்ணில் இறங்கி வேர்களைத் தாக்குவது தெரியவந்தது. நகர நிர்வாகம் பெருந்தொகை செலவிட்டு மண்ணைத் துப்புரவாக்கியது. பின்னர் காளான் நோய் அடிமரத்தை உள்ளிருந்து அழுகச் செய்தது. செஸ்நட் இலைகளைத் துளைக்கும் அந்துப்பூச்சியும் சேர்ந்துகொண்டது. பாரத்தைக் குறைக்க மேற்கொப்புகள் வெட்டப்பட்டன. அழுகல் நிற்கவில்லை.

2007 நவம்பர் 21ஆம் திகதி மரத்தைத் தறிப்பதென முடிவானது. விழுந்தால் ஆட்களுக்கும் கட்டடங்களுக்கும் ஆபத்து என்பது தறிக்க வேண்டும் என்றவர்களின் வாதம். அயலவர்களும் மரப் பாதுகாப்பு அமைப்பினரும் நீதிமன்றம் போனார்கள். மரத்தில் இன்னும் உயிர் இருக்கிறது, தாங்கி கொடுத்தால் நிற்கும் என்பது அவர்களின் வாதம். தறிப்பதற்கு முதல் நாள் நீதிமன்றம் தடை விதித்தது. 2008இல் மரத்தைச் சுற்றி இரும்புத் தாங்கி அமைக்கப்பட்டது. இன்னும் பல வருடங்கள் நிற்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இரண்டு வருடங்களில் காற்று வந்தது.

யார் சொன்னது சரி என்று இப்போது தீர்ப்புச் சொல்வது இலகு. இரண்டு தரப்புமே மரத்தின் மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். ஆனால் இந்தச் சர்ச்சைக்கு முன்னரே, பெரிய செலவில்லாமல், ஆரவாரமில்லாமல் இன்னொரு வேலை நடந்திருந்தது.

பொறுக்கிய விதைகள்

2005இல் ஆன் பிராங்க் இல்லத்தினர் வளவின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, மரத்தின் கீழ் விழுந்த விதைகளைப் பொறுக்கி முளைக்க வைத்தார்கள். இது நாம் வறுத்துச் சாப்பிடும் செஸ்நட் இனமல்ல. குதிரைச் செஸ்நட் என்று அழைக்கப்படும் வேறு இனம். விதை உண்ணத் தகாதது. அந்த விதை காய்ந்தால் செத்துவிடும். நெல்லைப் போலவோ பயறைப் போலவோ போத்தலில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது. ஈரம் போகுமுன் மண்ணில் இட வேண்டும். ஒரு குளிர்காலத்தைக் கடந்த பின்னரே முளைக்கும். ஆகவே மரம் விழுந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்திருந்தால், அந்தக் கடைசிப் பருவக் காய்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்காது.

விதையிலிருந்து வரும் கன்று தாய்மரத்தின் பிள்ளை, அச்சொட்டான பிரதியல்ல. மகரந்தம் வேறு மரத்தினுடையதாகவும் இருக்கலாம். அதே மரமே வேண்டுமென்றால் கொப்பை எடுத்து ஒட்ட வேண்டும். இந்த மரத்தில் இரண்டுமே செய்யப்பட்டன. பாரிஸில் ஆன் பிராங்கின் பெயரில் உள்ள பூங்காவில் ஒட்டுக்கன்று ஒன்று நடப்பட்டது. விதைக் கன்றுகள் உலகின் பல பாகங்களில் ஆனின் பெயரைத் தாங்கிய பாடசாலைகளுக்குப் போயின. 2009இல் ஆம்ஸ்டர்டாமின் புறநகர்க் காட்டுப் பூங்காவுக்கு 150 கன்றுகள் கொடுக்கப்பட்டன. யூதர்கள் நுழையக்கூடாது என்று பூங்காக்கள் மூடப்பட்ட நகரம் அது.

அமெரிக்காவுக்கு 11 கன்றுகள் போயின. மர நோய்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக அவை மூன்று வருடங்கள் தனிமைப்படுத்தி வளர்க்கப்பட்டன. முதற்கன்று 2013இல் இண்டியானாபொலிஸ் சிறுவர் அருங்காட்சியகத்தில் நடப்பட்டது. 2014இல் வொஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டட வளவில் ஒன்று நடப்பட்டது. நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்துக்கு அருகிலும் ஒன்று நிற்கிறது. 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் இராணுவப் பாதுகாப்போடு பாடசாலைக்குள் போக வேண்டியிருந்த லிட்டில் ரொக் நகரமும் கன்று பெற்றது. ஆனின் மரம் மற்றவர்களுடைய துயரம் நடந்த இடங்களுக்கும் போயிருக்கிறது.

நம் வளவுகள்

வலிகாமம் வடக்கில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பூட்டிக் கிடந்த காணிகள் விடப்பட்டபோது, திரும்பிப் போனவர்களில் பலர் தங்கள் வளவை அடையாளம் கண்டது கிணற்றையும் மிஞ்சி நின்ற மரத்தையும் வைத்துத்தான். வீடு தரைமட்டம், எல்லை வேலி இல்லை, ஒழுங்கை பற்றைக்குள். ஆனால் மாமரமோ புளியோ நின்ற இடம் நினைவில் இருந்தது. வன்னியிலும் அப்படியான மரங்கள் உண்டு. செல் துண்டுகள் ஏறிய பனைகள் உண்டு. இடம்பெயர்ந்த சனங்கள் கீழே சமைத்துப் படுத்த ஆலமரங்கள் உண்டு. அவற்றின் கீழ் நடந்ததை எழுதி வைத்த கொப்பிகள் பல, ஓடும் வழியிலேயே தொலைந்து போயின.

அந்த மரங்களுக்கும் வயது போகிறது. வீதி அகலிப்பில் சில போகும், காற்றில் சில போகும். ஆல், அரசு போன்றவற்றைக் கொப்பு நட்டே வளர்க்கலாம். புளியங்கொட்டை உலர்ந்தாலும் நெடுநாள் இருக்கும். இலுப்பையும் வேம்பும் அப்படியல்ல. பழம் விழுந்த சில வாரங்களுக்குள் விதையைப் போடாவிட்டால் முளைப்புத்திறன் போய்விடும். பாடசாலை ஒன்றின் ஒரு வகுப்புப் பிள்ளைகள், ஊர் முதியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், எந்த மரத்தின் கீழ் என்ன நடந்தது என்று கேட்டு எழுதி, அதன் விதையையும் பொறுக்கி வர ஒரு பிற்பகல் போதும். கன்றோடு அந்தக் குறிப்பும் இருக்க வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் இருபது வருடங்களின் பின் அது வெறும் இலுப்பை மரம்.

மீப் கீஸ் தாள்களைப் பொறுக்கியபோது அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 2005இல் காய் பொறுக்கியவர்களுக்கு மரம் எந்த வருடம் விழும் என்று தெரியாது. விதையிலிருந்து வரும் ஒரு செஸ்நட் பூப்பதற்குப் பத்து வருடங்களோ அதற்கு மேலோ எடுக்கும். பிரின்சன்க்ராக்ட் மேல்மாடத்து யன்னலில் இப்போது அந்த மரம் தெரிவதில்லை. அதன் பிள்ளைகள் வேறு நகரங்களில், வேறு பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளின் பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கின்றன.